மீசையும் ஐந்தாவது சக்கரமும்

நாற்சந்தியில் பஞ்சர் கடை வைத்திருப்பவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மீசை என்றால் போதும். புதிதாக வந்தவர்களுக்கு வழி சொல்பவர்கள்கூட மீசை கடையில் இடது பக்கம் திரும்பச் சொல்வார்கள். மீசையும் அப்படித்தான் இருக்கும். மூக்குக்குக் கீழே தொடங்கி, இரண்டு கன்னத்திலும் பாதி தூரம் போய், முனையில் லேசாக மேலே பார்த்து நிற்கும். கம்ப்ரசர் ஓடும்போது கடையில் எல்லாமே அதிரும், மீசை மட்டும் அதிராது என்று ஒரு பேச்சு உண்டு. அதை அவரே கிளப்பிவிட்டிருப்பார் என்பது என் சந்தேகம்.

கடை பெரிதாக ஒன்றுமில்லை. தகரக் கூரை, சிவப்புப் பெயிண்ட் உரிந்த கம்ப்ரசர், ஆணியில் தொங்கும் பழைய டயர்கள், கறுத்த தண்ணீர் நிற்கும் ஒரு சிமெண்ட் தொட்டி. வாடிக்கையாளருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவர் உட்கார ஒரு லாரி டயரைப் படுக்கப் போட்டிருந்தார். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, காது உடைந்த ஒரு மக்கில் இருக்கும் சோப்புத் தண்ணீர். அவருக்கு நீதிமன்றம் அந்த மக்குதான். டயரில் ஊற்றுவார், மூக்கு நுனி படுகிற அளவுக்குக் குனிந்து பார்ப்பார். குமிழி கிளம்பினால் ஓட்டை, கிளம்பாவிட்டால் ஓட்டை இல்லை. தீர்ப்பு வந்த பிறகு எதிர்த்துப் பேசுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது.

முப்பத்திரண்டு வருடமாகத் தன் கை பட்ட டயரில் காற்று இறங்கியதே இல்லை என்று நாளைக்கு நாலு பேரிடமாவது சொல்லிவிடுவார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். டயர் கழற்றிக் கிடக்கும்போது வேறு என்ன செய்ய முடியும்?

இப்படிப்பட்டவருக்கு ஒரு சம்பந்தியம்மா வாய்த்தார்.

போன வருடம் மகளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை சாது. அலுவலகம் விட்டால் வீடு, வீடு விட்டால் அலுவலகம். அவனுடைய அம்மாதான் ஆள். ஆஸ்பத்திரியில் முப்பத்து நாலு வருடம் நர்ஸாக இருந்து, தலைமை நர்ஸாக ஓய்வு பெற்றவர். எந்த டாக்டரையும் "அப்படியா டாக்டர்?" என்று ஒரே ஒரு கேள்வியில் மருந்துச் சீட்டை மாற்றி எழுத வைத்தவர் என்று மாப்பிள்ளையே பெருமையாகச் சொல்லியிருக்கிறான். இரு வீட்டாரும் முதன்முதலில் சந்தித்த அன்று நல்ல வெயில். மின்விசிறி வேறு ஓடவில்லை. எல்லோருக்கும் வியர்த்து வழிந்தது. சம்பந்தியம்மா கையில் காபியை வைத்துக்கொண்டு இவருடைய மீசையையே வெகுநேரம் பார்த்தார். மயங்கிவிட்டார் என்று நினைத்து மீசைக்காரர் முனையை இன்னும் கொஞ்சம் முறுக்கிவிட்டுக்கொண்டார்.

ஓய்வு பெற்ற கையோடு சம்பந்தியம்மா சாம்பல் நிறத்தில் ஒரு பழைய கார் வாங்கினார். தானே ஓட்டினார். வாங்கிய வாரமே நேராகச் சம்பந்தி கடைக்கு வந்து, நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, சக்கரங்களைப் பார்க்கச் சொன்னார். ஓடிக்கொண்டிருந்த நாலில் ஒன்று கொஞ்சம் தேய்ந்திருந்தது. அதில் ஓர் ஆணியும் ஏறியிருந்தது. மீசைக்காரர் ஆணியைப் பிடுங்கினார், ரப்பர் திரியைச் செருகினார், காற்றடித்தார். அந்தச் சக்கரத்தை டிக்கிக்குள் ஸ்டெப்னியாகப் போட்டுவிட்டு, இதுவரை தரையையே பார்க்காமல் புதுக்கருக்கோடு கிடந்த ஸ்டெப்னியை எடுத்துக் கீழே மாட்டினார். வேலை நடந்த ஒரு மணி நேரமும் வாய் ஓயவில்லை. சம்பந்தியம்மா எதிரில் உட்கார்ந்து கேட்கும்போது யாருக்குத்தான் பேச்சு நிற்கும்? அந்தப் பேச்சு சுவாரசியத்தில் ஒரு சின்ன வேலை விட்டுப்போனது. அது என்னவென்று அவருக்கே நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. நாமும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

மூன்று மாதம் ஒரு தொல்லையும் இல்லை. பிறகு ஒரு நாள் காலையில் போன் வந்தது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு விளக்கு எரிகிறதாம். குதிரை லாடம் மாதிரி ஒரு வளையம், அதன் நடுவில் ஓர் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைந்தால் அது எரியும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். மீசைக்காரர் உடனே வரச் சொன்னார். சம்பந்தியம்மா வீட்டு வேலை முடித்து, மதிய வெயிலில் வந்து சேர்ந்தபோது விளக்கு அணைந்திருந்தது. நாலு சக்கரத்திலும் கேஜ் வைத்துப் பார்த்தார். நாலிலும் இருக்க வேண்டிய முப்பத்து மூன்று. கண்ணில் ஏதாவது கோளாறு இருக்கப் போகிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். "அப்படியா சம்பந்தி?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பினார் சம்பந்தியம்மா. அதுதான் ஆபத்து என்பது அவருக்கு அப்போது தெரியவில்லை.

மறுநாள் காலைக் குளிரில் விளக்கு எரிந்தது. மதியம் வெயிலில் அணைந்தது. அடுத்த நாளும் அதே கதை. நாலாம் நாள் சம்பந்தியம்மா ஏழு மணிக்கே, கடை திறப்பதற்கு முன்பே, வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார். வாயில் வேப்பங்குச்சியோடு வந்த மீசைக்காரர் விளக்கைத் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டியதாயிற்று. மறுபடி கேஜ், மறுபடி சோப்புத் தண்ணீர், மறுபடி நாலும் சுத்தம். டயரில் ஒன்றுமில்லை, விளக்குக்குத்தான் பைத்தியம் என்று அவர் தீர்ப்புச் சொன்னார்.

ஒரு மாதம் இப்படி ஓடியது. கடைசியில் விளக்கு மதியத்திலும் அணையாமல் எரிய ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டில் சாப்பிடக் கூடியபோது பேச்சு அங்கேதான் போய் நின்றது. மகள், மாப்பிள்ளை, இவர் மனைவி எல்லோரும் மேஜையைச் சுற்றி இருந்தார்கள். இந்த விளக்கெல்லாம் கம்பெனிக்காரன் காது குத்துகிற வேலை என்று மீசைக்காரர் ஆரம்பித்தார்.

சம்பந்தியம்மா தட்டில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆஸ்பத்திரியில மெஷின் கத்தினா முதல்ல நோயாளியைத்தான் போய்ப் பார்ப்போம் சம்பந்தி. மெஷினைக் குறை சொல்றதெல்லாம் அப்புறம்."

"நோயாளியைப் பாத்தாச்சு சம்பந்தியம்மா. நாலு காலும் நல்லா இருக்கு." அதோடு நிறுத்தியிருக்கலாம். எதிரில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான், மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் தானாகவே மேலே போய்விட்டது. "இந்த வண்டியில நான் கை வச்ச டயர் எதுலயாவது காத்து இறங்கியிருந்தா, மீசையை எடுத்துடறேன்."

மாப்பிள்ளை பாதி மென்ற வாயோடு நிறுத்திக்கொண்டான்.

"எப்ப?" என்றார் சம்பந்தியம்மா.

மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சொல்கிறவர்களிடம் யாரும் எப்போது என்று கேட்பதில்லை. மரியாதை தெரிந்தவர்கள் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போவார்கள். மீசைக்காரர் தண்ணீர் குடித்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று மென்று முழுங்கினார். தான் தோற்றால் ஒரு நாள் பூராவும் கடையில் நின்று சோப்புத் தண்ணீர் மக்கைப் பிடிப்பதாகச் சம்பந்தியம்மாவும் சொன்னார். எல்லோரும் சாட்சி.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த மீசை அழகுக்காக வைத்ததில்லை. பத்தொன்பது வயதில், வேறோர் ஊரில், வேறொருவர் கடையில் அவர் தொழில் கற்றுக்கொண்டிருந்தார். ஒரு லாரிச் சக்கரத்துக்குக் காற்றடித்தபோது, ரிம்மைப் பிடித்திருக்கும் இரும்பு வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க மறந்துவிட்டார். வளையம் பிய்த்துக்கொண்டு பறந்து வந்து மேலுதட்டைக் கிழித்தது. ஒரு விரல் அளவு தள்ளிப் பட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. தையல் பிரித்த கையோடு அவர் அந்த ஊரை விட்டே கிளம்பி வந்துவிட்டார். பிறகு முளைத்த மீசை இல்லாமல் அவரை இங்கே யாரும் பார்த்ததில்லை. தழும்பு இருந்த இடத்தில் மட்டும் முடி வரவில்லை. அதனால் தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் கால் மணி நேரம் அவருக்கு வேலை இருந்தது. அவருடைய மனைவி வாரத்தில் இரண்டு நாள்தான் கண்ணுக்கு மை தீட்டுவாள். ஆனால் கண்மை டப்பா மாதத்துக்கு ஒன்று காலியானது. இருபத்தேழு வருடத் தாம்பத்தியத்தில் இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆகவே மீசை போனால் மயிர் மட்டும் போகாது. கை பட்ட டயர் கெட்டதில்லை என்று முப்பத்திரண்டு வருடமாகச் சொன்ன அத்தனையும் போய்விடும், அதுவும் மாப்பிள்ளை முன்னால். நினைத்தபோதே அவருக்குப் பயமாக இருந்தது. அவர் பொய்யர் இல்லை. ஒரே ஒரு தப்பை மறைத்து வைத்திருந்தார், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை வண்டியை வரவழைத்து, நாலு சக்கரத்தையும் கழற்றித் தொட்டியில் முக்கினார். நாற்காலியில் சம்பந்தியம்மா சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரு குமிழி இல்லை. மீசைக்காரருக்கு உயிர் வந்தது. சம்பந்தியம்மா மக்கைப் பிடித்துக்கொண்டு எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்றுகூட மனதுக்குள் குறித்துவைத்தார். வெயில் படாத இடமாகத்தான் பார்த்தார். நல்ல மனசு.

வெள்ளிக்கிழமை ஒரு டாக்ஸி டிரைவர் வந்தார். அதே கம்பெனி வண்டி, அதே மாடல். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னிக்கு மட்டும் காற்றடிக்கச் சொன்னார். அவசரமாக ஸ்டெப்னிக்கு எதற்குக் காற்று என்று மீசைக்காரர் கேட்டார்.

"இந்த மாடல்ல ஸ்டெப்னிக்குள்ளயும் சென்சார் வச்சிருக்கான் அண்ணே. அதுல காத்து குறைஞ்சாலும் முன்னால மஞ்ச லைட்டு எரியும். குளிர்ல காத்து சுருங்கினா எரியும், வெயில்ல விரிஞ்சா அணைஞ்சுடும். நாலு டயரையும் பத்துத் தடவை பாத்துட்டு நானே பைத்தியமா அலைஞ்சேன்" என்றார் டிரைவர்.

மீசைக்காரர் கையில் இருந்த காற்று ஓஸ் தன் பாட்டுக்குச் சீறிக்கொண்டிருந்தது. ஆணி பிடுங்கியது, திரி செருகியது, பேசிக்கொண்டே டிக்கிக்குள் தள்ளியது எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. சோப்புத் தண்ணீர் ஊற்றினோமா? ஊற்றவில்லை. ஊரில் உள்ள சைக்கிள் டயருக்கெல்லாம் ஊற்றியவர், சம்பந்தியம்மா வண்டியின் அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் ஊற்றவில்லை.

நேரே போய் டிக்கியைத் திறக்க முடியாது. திறந்தால் ஒப்புக்கொண்ட மாதிரி. வண்டியைக் கடைக்கு வரவழைத்தாலும் சம்பந்தியம்மா நாற்காலியை விட்டு அசைய மாட்டார். இருந்த ஒரே வழி, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால் அவர்கள் வீட்டிலேயே திருட்டுத்தனமாகக் காற்றடித்துவிடுவது. விளக்கு அணைந்துவிட்டால் பந்தயம் இவர் பக்கம். சனிக்கிழமை மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தார்.

"எனக்கு முழங்கால் வலின்னு சொல்லி அவங்களைப் பிடிச்சு உக்கார வைக்கவா?" என்றாள் மனைவி. கேட்ட வேகத்தைப் பார்த்தால், இதற்கு முன் எத்தனை முறை எங்கெங்கே அந்த முழங்கால் வலித்திருக்கும் என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். மீசைக்காரர் தோளில் ஒரு துணிப்பை. மேலே ஆப்பிள், அதற்குக் கீழே கால்பம்பு, திரி, குத்தூசி, பாட்டிலில் சோப்புத் தண்ணீர். ஆப்பிளை மேஜையில் வைத்தார். மனைவி உட்காரும்போதே "அம்மா" என்று முனகினாள். சம்பந்தியம்மாவின் முகம் மலர்ந்தது. ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு நோயாளிகள் கிடைப்பதே அபூர்வம். உடனே மனைவியின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, இங்கேயா அங்கேயா என்று அழுத்தத் தொடங்கினார். மீசைக்காரர் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து ஆணியில் இருந்த கார் சாவியை உருவிக்கொண்டு கம்பி நீட்டினார்.

கார் கீழே, மாடிப்படியை ஒட்டிய கொட்டகையில் நின்றது. டிக்கியைத் திறந்தார். குடை, மழைக்கோட்டு, முதலுதவிப் பெட்டி, மடக்கு நாற்காலி, எடை பார்க்கும் மெஷின். ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் கீழே இறக்கினார். பலகையைத் தூக்கினார். ஸ்டெப்னி கிடந்தது. அதன் நடுக்குழியில் ஒரு புத்தம்புது ரேசர், உறை பிரிக்காமல். பக்கத்தில் ஆஸ்பத்திரிச் சீட்டில் அழகான கையெழுத்து. "சம்பந்தி, சோப்புத் தண்ணி நீங்களே கொண்டுவந்திருப்பீங்க."

மீசைக்காரருக்கு முகம் சுண்டிப்போனது. சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் இல்லை. மேலே இருந்து மனைவியின் முனகல் மட்டும் கேட்டது, அதுவும் இப்போது நிஜ முனகலாக இருந்தது.

கை பழக்கத்தில் தன் வேலையைச் செய்தது. பாட்டிலைத் திறந்து, திரி செருகிய இடத்தில் ஊற்றினார். குனிந்து பார்த்தார். கடுகளவுக்கு ஒரு குமிழி எழுந்து உடைந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அவர் செருகிய திரிதான். பழைய திரியைப் பிடுங்கி, ஓட்டையைச் சுரண்டி, புதுத் திரியை இறக்கினார். கால்பம்பை மிதித்து மிதித்துச் சட்டை நனைந்துவிட்டது. மறுபடி சோப்புத் தண்ணீர் ஊற்றினார். இந்த முறை குமிழி இல்லை. ரேசரையும் சீட்டையும் இருந்த இடத்திலேயே வைத்து, பலகையை மூடி, சாமான்களை அடுக்கி, டிக்கியைச் சாத்தினார். தான் திறக்கவே இல்லை என்று சாதித்துவிடலாம். திறந்ததைப் பார்த்தவர் யார்? விளக்கும் அணைந்துவிடும்.

மாடிப்படியில் ஆறு படி ஏறினார். ஏழாவது படியில் கால் போகவில்லை. சோப்புத் தண்ணீர் சொன்னதற்கு மேல் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர். எத்தனையோ வாடிக்கையாளர்களின் வாயை அந்த மக்கால்தான் அடைத்திருக்கிறார். இன்றைக்குத் தன் திரியில் கிளம்பிய குமிழியைத் தன் கண்ணாலேயே பார்த்த பிறகு எப்படி மேலே போய் ஜெயித்தேன் என்று சொல்வது? சம்பந்தியம்மா மேல் ஆத்திரமாக வந்தது. அதைவிடத் தன் மேல் ஆத்திரமாக வந்தது. இறங்கிப் போய் மறுபடி டிக்கியைத் திறந்து ரேசரை எடுத்தார்.

கொட்டகையின் ஓரத்தில் ஒரு குழாய் இருந்தது. காரின் பக்கவாட்டுக் கண்ணாடியை உடைத்துவிடாமல் மெல்லத் திருப்பி வைத்துக்கொண்டார். டயருக்குக் கொண்டுவந்த சோப்பு உதட்டில் எரிந்தது. முதலில் முனைகள் போயின, பிறகு மிச்சமும் போனது. முப்பத்திரண்டு வருடம் கழித்து மீசை இல்லாத தன் மேலுதட்டைப் பார்த்தார். தழும்பு அப்படியேதான் இருந்தது. கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான்.

அவர் உள்ளே வந்ததும் மாப்பிள்ளை எழுந்து நின்று, யாரைப் பார்க்க வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டான். மகள் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்து, கரண்டியோடு அங்கேயே நின்றுவிட்டாள். மனைவி வலிக்கிற காலை மறந்து எழுந்தாள். சம்பந்தியம்மா மட்டும் அசையவில்லை. மேஜையில் இருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்குச் சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார் மீசைக்காரர். வரவில்லை.

"எத்தனை தையல்?"

"அஞ்சு" என்றார்.

"இரும்பா?"

அவர் தலையாட்டினார். முதன்முதலில் சந்தித்த அன்று வியர்வையில் மை கரைந்து வழிந்தபோதே தழும்பைப் பார்த்துவிட்டதாகச் சம்பந்தியம்மா சொன்னார். கார் புத்தகத்தில் ஐந்து சக்கரத்துக்கும் சென்சார் என்று போட்டிருந்ததையும் விளக்கு எரிய ஆரம்பித்த இரண்டாவது வாரமே படித்துவிட்டாராம். பிறகு ஏன் சொல்லவில்லை என்று மகள் கேட்டாள். "உங்கப்பா யார் சொன்னாலும் கேக்க மாட்டார். குமிழி சொன்னாத்தான் கேப்பார்" என்றார் சம்பந்தியம்மா. பிறகு இவர் பக்கம் திரும்பி, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, எப்படி நடந்தது என்று சொல்லச் சொன்னார். நோயாளியிடம் கேட்கிற குரல் அது. கேலி ஒரு துளிகூட இல்லை.

மீசைக்காரர் உட்கார்ந்து முழுவதையும் சொன்னார். வளையம் எந்தப் பக்கம் உட்காரவில்லை, எத்தனை அடி தூரம் பறந்தது, முதலாளி தன் வேட்டியைக் கிழித்து எப்படி வாயைக் கட்டினார் எல்லாம். சொல்லச் சொல்ல நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியது. மாப்பிள்ளை வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். பாதிக் கதைக்கு மேல் அவரே அதைக் கொஞ்சம் ரசித்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வளையம் பறந்த தூரம் பத்தடியில் தொடங்கி இருபது அடிக்குப் போனது.

கதை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, மனைவி நொண்டிக்கொண்டே அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்த வெறும் உதட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இனிமே என் கண்மை எனக்கு மட்டும்தானே?"